ஏரிக்குள் போனவள்

ஜெசிந்தாவின் முதல் கதை ஒரு சிற்றிதழில் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஏரிக்கு அடியில் ஓர் ஊர் இருப்பதாகவும், ஒரு பெண் தண்ணீருக்குள் நடந்துபோய் அங்கே குடியேறிவிடுவதாகவும் எழுதியிருந்தாள். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு, ஒரு மத்தியானம், அந்த இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் விசாரித்து வந்து சேர்ந்தார்.

“இது என் சம்சாரம்மா, பவளக்கொடி. காணாமப் போயி மூணு வருசமாச்சு.”

“ஐயா, அது நானா கற்பனை பண்ணி எழுதுனது.”

“கோழியக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவா. எடது கால்ல சுண்டுவிரல் கிடையாது. எல்லாத்தையும் போட்டிருக்கியே.”

ஜெசிந்தாவுக்கு அந்தக் கோழிகளும் அந்த விரலும் தன் கதைக்குள் எப்படி வந்தன என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. யாரோ காதில் சொன்னதுபோல இருந்தது. யாரும் சொல்லவில்லை என்றும் நிச்சயமாகத் தெரிந்தது.

அவர் சண்டை போடவில்லை. இதழை விரித்து, கதை முடிந்த இடத்துக்குக் கீழே கிடந்த வெற்றிடத்தைக் காட்டினார். “எடம் இருக்குல்ல? அவ திரும்பி வந்துட்டான்னு ஒரு வரி எழுதிக் குடு தாயி.”

எழுதுவது பாவமா, எழுதாமல் அனுப்புவது பாவமா என்று அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் பேனாவை எடுத்து, ‘அவள் கரையேறினாள்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

அவர் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எந்தக் கரையிலம்மா? நான் எங்க போயி நிக்கட்டும்?”