நைஃபுக்கு முன்னால் ஒரு கே

மகனைக் கும்மிடிப்பூண்டிப் பள்ளியில் அந்த வாரம்தான் சேர்த்திருந்தாள் அருணா. வாசலில் விடைத்தாளைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"படத்தப் பாத்து இங்கிலீஷ்ல பேர் எழுதணும். நைஃபுக்கு 'என்'னுல ஆரம்பிச்சிக்கீறான். முன்னால ஒரு 'கே' இருக்குதேடான்னா, 'அதுக்குத்தான் சத்தமே வராதேம்மா, எப்பிடித் தெரியும்'னு என்னையே கேக்குறான்!"

கம்பெனி யூனிஃபார்மோடு, மகளின் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஜெபா சிரித்தாள். அவள் மகள் ஏஞ்சலின் சற்றுத் தள்ளி, மதில்மேல் ஓடிய அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபாவின் கையிலிருந்த விடைத்தாளை அருணா எட்டிப் பார்த்தாள்.

"உம் பொண்ணு மட்டும் எல்லாம் கரெக்டா எழுதிக்கீது. எந்த டியூசன்?"

"டியூசன்லாம் இல்லக்கா."

"மறைக்கிறியா? இரு, அதையே கேக்குறேன். ஏஞ்சலின்! ஏ ஏஞ்சலின்!"

அவள் திரும்பவில்லை.

"இன்னா திமிரு பாரேன்!"

ஜெபா போய் மகளின் தோளைத் தொட்டாள். திரும்பியவளிடம் விரல்களாலேயே 'போகலாமா' என்று கேட்டாள். ஏஞ்சலினும் விரல்களாலேயே பதில் சொன்னாள்.

"உங்க பையனுக்குச் சத்தம் வராதது அந்த ஒரு எழுத்துதான்க்கா," என்றாள் ஜெபா. "இவளுக்கு இருபத்தாறும் அப்பிடித்தான்."