பூதம் கொண்டு வந்த புகார்

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துகொண்டு பூதம் வெளியே வந்தது. வந்த வேகத்தில் ரெண்டு முட்டை விழுந்து உடைந்தது.

"மன்னிக்கணும். பாப்பாவோட அப்பா அம்மாவைப் பார்க்கணும்."

அப்பா பல் டாக்டர். அம்மா வங்கி மேனேஜர். தக்காளி டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாய உலகம் இருப்பதும், பாப்பா தினமும் மரவாளோடு அதற்குள் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவதும் ரெண்டு பேருக்கும் தெரியும். ஹோம்வொர்க் முடித்தால் சரி என்று விட்டிருந்தார்கள். எப்பேர்ப்பட்ட பொறுப்பு பாருங்கள்!

பூதம் சோபாவில் கூச்சத்தோடு உட்கார்ந்தது. சோபா முனகியது.

அப்பாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "கோரைப்பல்லு பாதி போயிருக்கே! எங்க பொண்ணு வேலையா?"

"ஆமாங்க, ஆனா நான் வந்தது..."

"கவலையே படாதீங்க. புதுப்பல்லே வெச்சுத் தர்றேன். பொண்ணை இப்படி அடங்காப்பிடாரியா வளர்த்தது யாருன்னு மட்டும் அந்தம்மாவைக் கேளுங்க."

அந்தம்மா பக்கத்திலேயேதான் நின்றாள்.

பூதம் விழித்தது. "நானா கேட்கணும்?"

"நீங்கதான் சார்," என்றாள் அம்மா. "வீட்டுக்கு வந்ததும் போனைத் தூக்கிட்டு உட்கார்ந்தா பிள்ளை எப்படி உருப்படும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

பாவம், பூதம் இந்தப் பக்கம் திரும்பியது. "போனைத் தூக்கிட்டு உட்கார்ந்தா..."

"ஆபீஸையே கட்டிட்டு அழறவங்களுக்கு இதைச் சொல்ல அருகதை இல்லைன்னு சொல்லுங்க!"

பூதம் அந்தப் பக்கம் திரும்பியது. "ஆபீஸையே..." பாதியில் நிறுத்திவிட்டது. அதற்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"ஏங்க, உங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?"

"நாங்க பேசிக்கறதில்ல சார்," என்றார் அப்பா, என்னவோ 'இது வாடகை வீடு' என்று சாதாரணமாகச் சொல்வதுபோல. "எதுவா இருந்தாலும் பாப்பாகிட்ட சொல்லி அனுப்பிடுவோம். அவ நீச்சல் கிளாஸுக்குப் போயிருக்கா. அதான் உங்களுக்குச் சிரமம்."

"போகட்டும்," என்றாள் அம்மா. "இன்னிக்கே ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட்டுடறேன். இனிமே அவ உங்க பக்கமே தலைகாட்ட மாட்டா. அடிச்சதுக்கு நாங்க மன்னிப்பு கேட்டுக்கறோம்."

"ஐயையோ, அடிச்சதுக்கா நான் வந்தேன்?" பூதம் எழுந்தே விட்டது. "பல்லு போனா போகுதுங்க. அன்னிக்கு என்னமா சிரிச்சா தெரியுமா! இப்பத்தான் அடிக்கறதே இல்ல. வர்றா, ஒரு மூலையில உட்கார்ந்துக்கறா."

"எதுக்கு?" ரெண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

பூதம் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"நேத்து வாளைத் தூரப் போட்டுட்டு, 'அங்கிள், உங்க குகையில நீங்க ஒருத்தர்தானே? யார்கிட்டயும் போய் எதையும் சொல்லச் சொல்ல மாட்டீங்கல்ல? நான் உங்க பொண்ணா இங்கயே இருந்துடவா'ன்னு கேட்டா. நான் பூதங்க. எனக்கே பகீர்னு ஆயிடுச்சு."