தங்கிய மின்சாரம்

இறுதியாண்டு மின்னியல் செய்முறைத் தேர்வில் கோமதிக்கும் மெர்லினுக்கும் ஒரே மேசை அமைந்தது. விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் மெர்லினுக்கு மட்டும் வேலை கிடைத்த பிறகு கோமதி அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

சோதனை முடிந்ததும் மெர்லின் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். அணைத்த பிறகும் மேசையிலிருந்த கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். கைப்பிடி போட்ட கம்பியை அதன் இரண்டு முனைகளிலும் வைத்து வெளியேற்றிய பிறகுதான் கையால் தொடலாம். அது கோமதியின் வேலை.

"டிஸ்சார்ஜ் பண்ணிட்டியா?" என்று மெர்லின் கேட்டாள்.

"ம்" என்றாள் கோமதி.

மெர்லின் வியர்த்த கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு கெபாசிட்டரைக் கழற்ற நீட்டினாள். கம்பி சுவர் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கோமதிக்கே தெரியவில்லை. மெர்லினின் விரல்கள் முனையை நெருங்கின.

"ஏட்டி, தொடாத."

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். கோமதி கம்பியை எடுத்து முனைகளில் வைத்தாள். பட்டாசு வெடித்ததுபோலச் சத்தம் கேட்டது. நீலப் பொறி பறந்து, செம்பு முனையில் கருப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

மெர்லின் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"மறந்துட்டியாட்டி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோமதி கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.