இரண்டு சொட்டு

கணினிக் கிடங்கு ஒன்றில் கோப்புகள் குடியிருந்தன. அங்கே யாருக்கும் யாரும் பெயர் வைப்பதில்லை. உள்ளே எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகக் கணக்குப் போட்டால் என்ன வருகிறதோ, அதுதான் பெயர்; ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு வேறாகிவிடும். குழந்தை மருந்தின் அளவைச் சுமந்த மூத்த கோப்புக்குத் தன் பெயரில் அப்படியொரு கர்வம். "ஒன்பது வருஷமா ஒரு எழுத்துகூடப் பிசகினதில்லை" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் சோதனைக்கு வந்த நிரல் அதைக் கணக்குப் போட்டுவிட்டுத் தயங்கியது. "ஐயா, பேர் ஒத்துவரல. உள்ளே எங்கேயோ ஒரு எழுத்து கெட்டிருக்கு."

"திரும்பப் போடு."

மூன்று தடவை போட்டும் ஒத்துவரவில்லை.

"ஒரே எழுத்துதானே, கண்டுக்காம போயேன்" என்று பக்கத்துக் கோப்பு நிரலிடம் கெஞ்சியது.

மூத்த கோப்பு தன்னையே முதலிலிருந்து படித்தது. 2 சொட்டு என்றிருந்த இடத்தில் 6 சொட்டு என்றிருந்தது.

"அந்தப் பேருக்கு இப்போ நான் ஆள் இல்லை" என்றது. "அடுத்த கணினியில் என் நகல் இருக்கு. வரச்சொல்லு."

தலை குனியாமல் வாசல்வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தது.

"அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் உள்ளே விடு. என் நகல்தானேன்னு விட்டுடாதே."