அட்டைக்கடி

"இது மலையில்லையப்பா, பாலைவனம்," என்றார் கொழும்பிலிருந்து வந்த பத்திரிகைப் படப்பிடிப்பாளர் இரகுநாதன். "மூண்டு மணித்தியாலமா நடக்கிறம். வத்தாத ஊத்து எண்டு சொன்னினம், எங்க?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேங்க ஐயா," என்றான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வழிகாட்ட அனுப்பிய தங்கையா. அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஹல்துமுல்லைப் பக்கம் ஏழு மாதமாக ஒரு தூறல் இல்லை.

இரகுநாதன் நிழலுக்காக ஒரு பெரிய பாறையோரம் ஒதுங்கி உட்கார்ந்தார். அவர் காலில் ஓர் அட்டை ஏறுவதைத் தங்கையா கண்டான். சட்டென்று குனிந்து அதைப் பிய்த்துக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

"என்னப்பா அது?"

"எறும்புங்க."

"சரி, படமும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். திரும்புவம்."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, தங்கையா அதே பாறைக்கு ஓடி வந்தான். பாறைக்குப் பின்னால், ஊற்றைச் சுற்றி, தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்கள் இருபது பேர் குடங்கள் இடிபடாமல் அணைத்தபடி நின்றிருந்தார்கள்.

"கையில என்னங்க ரத்தம்?" என்றாள் அவர்களோடு நின்ற அவன் மனைவி.

"அட்டை. இந்த வறட்சியில அட்டையப் பாத்திருந்தா பக்கத்துல தண்ணி இருக்குன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கும்."

போன வருடம் கீழ் ஊற்றின் படம் பத்திரிகையில் வந்தது. மூன்றாம் மாதம் போத்தல் தண்ணீர்க் கம்பனி அதைச் சுற்றி வேலி அடைத்துவிட்டது.

"பஸ் ஏறுனதக் கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அதன் பிறகுதான் முதல் குடம் தண்ணீரில் அமிழ்ந்தது.