வெளியூர் முகவரி

"லோக்கல் ஆளுகளுக்கு டென்ட் கெடையாதாம்ல? யாருடி போட்ட சட்டம் அது?"

"பூங்கா ஆபீஸ்ல போட்டது. உள்ளூர்ப் பயலுக குடிச்சுட்டு வந்து சண்டை போடுறாங்கன்னு."

"நான் குடிக்கவும் மாட்டேன், சண்டையும் போட மாட்டேன். எம்பொண்டாட்டி கூட ஒரு ராத்திரி நிம்மதியாப் பேசிக்கிட்டுக் கெடப்பேன். அதுக்கு ஒரு ரூல் போடச் சொல்லு."

இந்தத் தைப்பொங்கலுக்கு லீவில் வந்த சக்திவேல், வில்பட்டி பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னது. ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் அவனை ஏற்றிக்கொண்டு வளைவில் மறைந்த பிறகுதான் கண்ணைத் துடைத்தாள்.

அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

அவள் வில்பட்டியில் இருக்கிறாள். ஒரே அறையும் அடுப்படியும் உள்ள வீடு. இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்துவிட்ட மாமனார் செல்லப்பாண்டியை வெள்ளனே எழுந்து துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிடம் சொல்லிவிட்டு டவுனுக்கு ஓடிவருவாள். மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ராத்திரி தங்கப் பூங்காவில் கூடாரம் பதிந்து கொடுக்கும் ஜன்னலில் அவளுக்கு வேலை.

சக்திவேல் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் புருஷன் பெண்டாட்டிக்கு அடுப்படிதான். மாமனாருக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பழைய சேலை தொங்கும். அவர் இருமினால் இவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அவனோடு போய்விட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வாய்வரைக்கும் வரும். கம்பெனி ஹாஸ்டல், ஒரு ரூமுக்கு எட்டுப் பேர் என்று முதல் மாதமே அவன் சொல்லிவிட்டதால் திரும்பவும் விழுங்கிக்கொள்வாள். மேல்கட்டிலில் திருமலைச்சாமி விடும் குறட்டையைப் போனில் அப்படியே விட்டுக் காட்டுவான். அவளும் பூண்டு ஊறுகாயை இரண்டு டப்பாவில் கொடுத்து அனுப்புவாள். ஒன்று திருமலைச்சாமி அண்ணனுக்கு.

இன்று சனிக்கிழமை, மே மாதக் கூட்டம். ஆன்லைனில் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. நேரில் வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய ஆறு கூடாரத்துக்கு அறுபது பேர் நின்றார்கள்.

நான்காவது ஆள் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தான்.

"மேடம், ஒரு டென்ட். ரெண்டு பேருக்கு."

சக்திவேல்!

"என்ன வெளாட்டு இது? சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க! சோலியக் கெடுக்காமப் போங்க. லோக்கல் ஆதாருக்குக் கெடையாது."

"கார்டைப் பாருங்க மேடம். பதியிறவன் வெளியூரா இருந்தாப் போதும்ல?"

பார்த்தாள். திருப்பூர் மாவட்டம் என்று போட்டிருந்தது.

அவளுக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. இந்த ஒரு ராத்திரிக்காக முகவரியையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான், திருட்டுப் பயல். இன்றைக்கு ராத்திரி பொன்னுத்தாயை வீட்டில் வந்து படுக்கச் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

முகவரியை முழுதாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தட்டினாள். கதவு எண். முதல் மாடி. வீதியின் பெயர்.

விரல் நின்றது.

நான்கு வருஷமாக ஆயிரக்கணக்கான கார்டுகளைப் பார்த்தவள். ஹாஸ்டல் கட்டிலுக்கு யாரும் முதல் மாடி என்று எழுதுவதில்லை. முகவரி மாற்ற வாடகைப் பத்திரம் கேட்பார்கள், இல்லாவிட்டால் கேஸ் ரசீது. இரண்டும் வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவனிடம்தான் இருக்கும்.

ஓரத்தில் பொடி எழுத்தில் கார்டு அச்சடித்த தேதி இருந்தது. போன வருஷம் ஜூன்.

பஸ் நிறுத்தத்தில் அவளைச் சிரிக்க வைத்தபோது இந்தக் கார்டு அவன் சட்டைப் பையில்தான் இருந்திருக்கும். போன வாரம்கூடக் குறட்டை விட்டுக் காட்டினானே.

"வீடு எடுத்துருக்கீங்களா?"

அவன் குல்லாவைக் கழற்றினான்.

"ரெண்டு ரூம்தான். சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"கூட யாரு?"

"ஐயோ, சத்தியமா யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

அவன் கண்ணைப் பார்த்தாள். பொய்யில்லை. வேறொருத்தி இருந்திருந்தால் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருப்பாள்.

"வீடு இருக்குன்னு தெரிஞ்சா நீ கெளம்பிருவ. அப்புறம் அப்பாவ யாரு பாக்குறது, நீயே சொல்லு." அவளுக்கும் அது நியாயமாகப் படும் என்பதுபோல மெதுவாகச் சொன்னான். "நீயும் ஒருநாளும் வர்றேன்னு கேக்கலையே, ரோகிணி."

"மேடம், கொஞ்சம் வெரசாப் பாருங்க. பிள்ளைக குளுர்ல நிக்கிதுக" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ரோகிணி எழுந்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஜன்னல் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"கேக்குறேங்க. இப்பக் கேக்குறேன். உங்க அப்பாவையும் தூக்கிட்டே வர்றேன், அங்கன வச்சும் நானே பாக்குறேன். என்னைய உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."