எரிமலை பார்த்தவர்

கடலடி எரிமலைக்கு மேலே ஆராய்ச்சிக் கப்பல் வந்து நின்று இருபது நாளாகிவிட்டது. மதன்குமார் அலுப்போடு ரெட்டியபட்டிக்குப் போன் போட்டான்.

“நீங்க வந்ததும் நம்மூருப் பள்ளிக்கூடத்துல பேசணுமாம். நோட்டீசே ஒட்டிட்டாக,” என்றாள் மனைவி கனகலட்சுமி.

“என்னத்தப் பேச?”

“எரிமலையக் கண்ணால பாத்ததச் சொல்லுங்க.”

அவன் பெருமூச்சு விட்டான். “நேத்து கேமராவக் கடலுக்கு அடியில எறக்குனாகளே, செல்லுல லைவ்வாப் பாத்தியா?”

“ஊரே பாத்துச்சு.”

“பொக என்ன கலரு?”

“கருப்பு. ஏன், அங்கனயே இருக்குற ஒங்களுக்குத் தெரியாதா?”

“எழுபது பேருக்கு மூணு வேளை சமைக்கிறவன் கேமரா ரூமுக்கு எப்பப் போக? அடுப்படியில கடலே தெரியாது.”

மாவுக் கையைத் துடைத்துவிட்டு மதன்குமார் பேனாவை எடுத்தான்.

“மெதுவாச் சொல்லு. எழுதிக்கிறேன்.”